ஊழல் ஒழிப்பு நடவடிக்கை வந்தால் தொழிலுக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவதும் தணிக்கைக்குத் தயார் செய்வதும் என் வேலை. எங்காவது ஒரு பெரிய லஞ்ச வழக்கு செய்தியில் வந்தால் போதும், அடுத்த சில வாரங்களுக்கு முதலாளிகள், கணக்காளர்கள், டெண்டர் பார்ப்பவர்கள் எல்லாரும் அதே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன், எளிதானவை முதலில், சிக்கலானவை பிறகு.

லஞ்சம் ஒழிஞ்சா தொழிலுக்கு நல்லதுதானே, இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?

நல்லதுதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே அளவில் நல்லதாக இருக்காது. சரக்கைத் தரமாகச் செய்து நியாயமான விலைக்குக் கொடுத்தும் அரசு ஆர்டர் கிடைக்காமல் இருந்தவருக்குக் கதவு திறக்கும். ஆளைப் பிடித்து ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு வருமானம் குறையும். உரிமம் புதுப்பிக்க மட்டும் எப்போதாவது அரசு அலுவலகப் படியேறுகிறவருக்கு மாற்றம் தெரியவே நாளாகும்.

அதனால் "தொழிலுக்கு நல்லதா" என்று மொத்தமாகக் கேட்பதைவிட, குறிப்பிட்ட நிறுவனத்தின் லாபம் இதுவரை எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஒரு விஷயத்தில்தான் போய் நிற்கும்.

காசு கொடுத்தா ஃபைல் சீக்கிரம் நகருதே. அப்போ லஞ்சம் கம்பெனிக்கு லாபம்தானே?

இப்படி நினைப்பது புதிது இல்லை. மெதுவாக ஓடும் அரசு எந்திரத்துக்கு லஞ்சம் எண்ணெய் போடுகிறது என்று 1960களில் படித்தவர்களே எழுதினார்கள். ஒரே ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு பார்த்தால் அது சரி என்றுதான் தோன்றும். ஆனால் காசு கொடுத்தால் நகரும் என்று ஆகிவிட்ட பிறகு, காசு வரும்வரை நகர்த்தாமல் வைத்திருப்பதில்தான் மேசையில் இருப்பவருக்கு வருமானம். தாமதத்தை உண்டாக்கி விற்கிறார்கள், நாம் வாங்குகிறோம். 1999-ல் டேனியல் காஃப்மன், ஷாங்-ஜின் வெய் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல நாட்டு நிறுவனங்களின் பதில்களை வைத்துப் பார்த்தபோது, அதிகம் லஞ்சம் கொடுத்த நிறுவனங்களின் மேலாளர்கள்தான் அதிகாரிகளோடு பேசி அதிக நேரத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்ததால் நேரம் மிச்சமாகவில்லை.

உகாண்டாவில் 1990களின் நடுவில் நிறுவனங்களை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. விற்பனையில் லஞ்சத்தின் பங்கு 1 சதவீதப் புள்ளி கூடும் இடத்தில் நிறுவனத்தின் வளர்ச்சி 3 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. அதே அளவு வரியால் வந்த பாதிப்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஏன் வரியைவிட மோசம்? வரிக்கு விகிதம் உண்டு, கடைசித் தேதி உண்டு, கட்டியதற்கு ரசீது உண்டு. லஞ்சத்துக்கு மூன்றும் கிடையாது. கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள், அதிகமாகக் கேட்பார்கள், அதிகாரி மாறுதலாகிப் போனால் புதியவருக்கு முதலிலிருந்து கொடுக்க வேண்டும்.

லஞ்சச் செலவு நின்னா அந்தத் தொகை அப்படியே லாபத்துல சேர்ந்துடுமா?

கொடுத்த தொகையைவிட, அதை மறைக்கச் செய்யும் வேலைகள்தான் நிறுவனத்தை அதிகம் தின்கின்றன. நான் பார்த்த ஒரு பேரேட்டைச் சொல்கிறேன். "இதர செலவுகள்" என்ற தலைப்பில் மாதாமாதம் சில்லறையே இல்லாமல் முழு எண்ணாக ஒரு தொகை, அதற்கு ஆதாரமாக லாரி வாடகை ரசீது. ரசீதில் வண்டி எண் இருந்தது, கையெழுத்து இருந்தது, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு மாத ரசீதுகளை வரிசையாக அடுக்கியபோதுதான் தெரிந்தது, எண்கள் 41, 42, 43, 44 என்று அடுத்தடுத்து ஓடின. அந்த லாரிக்காரருக்கு நான்கு மாதமாக உலகத்தில் வேறு வாடிக்கையாளரே இல்லை என்றால்தான் அப்படி வர முடியும்.

இந்த மாதிரி ரசீது ஒரு சங்கிலியின் ஒரு கண்ணிதான். கையில் ரொக்கம் வேண்டும் என்பதற்காக விற்பனையில் ஒரு பகுதியை பில் போடாமல் விடுவார்கள். அதனால் கணக்கில் விற்பனை குறைவாகத் தெரியும், அதைப் பார்த்து வங்கி கடன் வரம்பைக் குறைவாகத்தான் வைக்கும், மீதிக்கு வெளியே அதிக வட்டிக்கு ஓட வேண்டியிருக்கும். நடுவில் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊழியர் உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்று யாராலும் சரிபார்க்க முடியாது, அவருக்கு எல்லாம் தெரியும் என்பதால் வேலையை விட்டு அனுப்பவும் முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். லஞ்சம் நின்ற முதல் வருடத்தில் சில நிறுவனங்களின் லாபம் குறைந்த மாதிரி தெரியும். பில் இல்லாத விற்பனை எல்லாம் கணக்குக்குள் வருவதால் வரி கூடுகிறது, அவ்வளவுதான். கடன் வரம்பு உயர்வது, வட்டி குறைவது எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும், ஏனென்றால் வங்கி பழைய ஆண்டுகளின் கணக்கைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்.

ஆளுங்களைப் பிடிக்க ஆரம்பிச்சதிலிருந்து எங்க பில் ஒண்ணுமே பாஸ் ஆகலையே, ஏன்?

இது உண்மையான பிரச்சினை, புலம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. கையெழுத்துப் போட்டால் நாளை விசாரணை வரலாம், போடாமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை என்ற நிலை வந்தால், நேர்மையான அதிகாரியும் பேனாவை மூடி வைத்துவிடுவார். "மேலிடக் கருத்துக்கு அனுப்பப்படுகிறது" என்று ஒரு குறிப்பு எழுதி ஃபைலை அடுத்த மேசைக்குத் தள்ளுவது அவருக்குப் பாதுகாப்பு, வேலையை முடித்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் உங்களுக்கு அது மூச்சுத்திணறல். பெரிய நிறுவனம் ஆறு மாதம் தாங்கும். கடன் வாங்கிச் சம்பளம் போடும் சிறிய ஒப்பந்ததாரர் தாங்க மாட்டார். அதனால் நேர்மையாகத் தொழில் செய்தவரே முதலில் விழுவதும் நடக்கிறது, இதைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இது எவ்வளவு நாள் நீடிக்கும் என்பது, பிடிப்பதோடு அரசு வேறு என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. குறிப்பிட்ட நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்ற விதி, நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு தவறாகப் போனாலும் அது குற்றம் ஆகாது என்ற தெளிவு, எந்தப் படியில் யார் முடிவெடுக்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான வரையறை இவை இருந்தால் தேக்கம் சீக்கிரம் உடையும். அனுமதிகளின் எண்ணிக்கையையே குறைத்தால் இன்னும் நல்லது. ஜார்ஜியா நாட்டில் 2003-ல் ஆட்சி மாறியபின் லஞ்சத்துக்குப் பேர்போன போக்குவரத்துக் காவல் பிரிவைக் கலைத்துப் புதிய ஆட்களை எடுத்தார்கள், அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2005-ல் உரிமங்கள், அனுமதிகளில் முக்கால் பங்குக்கு மேல் ரத்து செய்தார்கள், அதைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. தொழில் செய்பவரைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய விஷயம் என்பார். கேட்க வேண்டிய அனுமதியே இல்லை என்றால் அதற்கு லஞ்சம் கேட்க ஆள் ஏது?

சீனாவுல இவ்வளவு பேரைப் பிடிச்சாங்களே, அங்க கம்பெனிகளுக்கு என்ன ஆச்சு?

2012 நவம்பரில் ஷி ஜின்பிங் கட்சியின் தலைமைக்கு வந்தார். அடுத்த மாதம், டிசம்பர் 4 அன்று, அதிகாரிகளின் விருந்து, ஆடம்பர வரவேற்பு, தேவையற்ற பயணம் இவற்றைக் கட்டுப்படுத்தும் எட்டு விதிகள் அறிவிக்கப்பட்டன. பரிசாகக் கைமாறிக்கொண்டிருந்த விலை உயர்ந்த மதுபானம், கைக்கடிகாரம், உயர்தர விருந்து விடுதி போன்ற தொழில்கள் பலமாக அடிவாங்கின. அவர்களுடைய வாடிக்கையாளர் யார் என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது.

ஆனால் பங்குச் சந்தை மொத்தமாகப் பார்த்தால் அந்த அறிவிப்பை வரவேற்றது. அதிலும் ஒரு வேறுபாடு இருந்தது. சந்தை ஓரளவு திறந்திருந்த மாகாணங்களில் தனியார் நிறுவனங்களின் மதிப்பும் ஏறியது. எல்லாவற்றுக்கும் அதிகாரியின் தயவு தேவைப்பட்ட மாகாணங்களில், விருந்துக்கும் பயணத்துக்கும் நிறையச் செலவு செய்துவந்த தனியார் நிறுவனங்களின் மதிப்பு இறங்கியது. (அந்த நாட்டு நிறுவனக் கணக்குகளில் விருந்தோம்பல், பயணச் செலவு என்று தனித் தலைப்பே உண்டு. மேலே லஞ்சச் செலவு பற்றிய கேள்வியில் சொன்ன "இதர செலவுகள்" மாதிரிதான். ஆய்வாளர்கள் அந்தத் தொகையை லஞ்சத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.) அங்கே கதவு இன்னும் பூட்டியே இருந்தது, கையில் இருந்த கள்ளச்சாவியை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். அனுமதிகளைக் குறைக்காமல் ஆட்களை மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்று முந்தைய பதிலில் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எங்க பலமே மேலிடத்துத் தொடர்புதான். அதை வெச்சு கம்பெனி மதிப்பு ஏறுறது தப்பா?

தப்பு சரி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மதிப்பு யாருடையது என்று பாருங்கள். இந்தோனேசியாவில் அதிபர் சுகார்த்தோ ஆண்ட கடைசி வருடங்களில், அவர் உடல்நிலை சரியில்லை என்று வதந்தி கிளம்பும்போதெல்லாம் ஜகார்த்தா பங்குச் சந்தையில் அவருக்கு நெருக்கமான நிறுவனங்களின் பங்கு மற்றவற்றைவிட அதிகமாகச் சரிந்தது. வதந்தி எவ்வளவு பெரிதோ, சரிவும் அவ்வளவு பெரிது. அந்த நிறுவனங்களின் ஆலையில் எந்திரம் ஒன்றும் பழுதாகவில்லை, ஒரு வாடிக்கையாளரும் போகவில்லை. ஒரு மனிதரின் நாடித்துடிப்பில் நிறுவனத்தின் மதிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

சீனாவிலும் இதேதான். பதவியில் இருக்கும், ஓய்வுபெற்ற அதிகாரிகள் நிறுவன இயக்குநர் குழுக்களில் உட்காருவதை 2013 அக்டோபரில் கட்டுப்படுத்தியதும் அடுத்த மாதங்களில் வரிசையாக ராஜினாமா வந்தது. தொடர்பு என்பது சொத்துப் பட்டியலில் எழுத முடியாத சொத்து, ஒரே அரசாணையில் போய்விடும்.

பெரிய கம்பெனியைத் தண்டிச்சா கடைசியில வேலை செய்யறவங்கதானே தெருவுக்கு வர்றாங்க?

பிரேசிலை நினைத்துத்தான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். 2014 மார்ச்சில் தொடங்கிய "லாவா ஜாத்து" விசாரணையில் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராசும் நாட்டின் பெரிய கட்டுமான நிறுவனங்களும் ஒன்றாக மாட்டின. பெட்ரோபிராஸ் 2015 ஏப்ரலில் ஊழலால் வந்த இழப்பு என்று 620 கோடி ரெயால் (பிரேசில் நாணயம்) கணக்கிலிருந்து கழித்தது. ஒடெபிரெக்ட் என்ற கட்டுமான நிறுவனம் லஞ்சம் கொடுப்பதற்கென்றே ஒரு துறை வைத்திருந்தது, அதற்குக் "கட்டமைக்கப்பட்ட செயல்பாடுகள் பிரிவு" என்று பெயர். 12 நாடுகளில் சுமார் 78.8 கோடி டாலர் கொடுத்ததாக 2016 டிசம்பரில் ஒப்புக்கொண்டது, 2019 ஜூனில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. கட்டுமானத் துறையில் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். அதே சமயத்தில் கச்சா எண்ணெய் விலையும் சரிந்தது, நாடே பொருளாதார மந்தத்தில் இருந்தது. எல்லாப் பழியையும் விசாரணையின் மேல் போட முடியாது, ஆனால் துறையின் முக்கிய நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் டெண்டர் கதவும் கடன் கதவும் மூடினால் கீழே இருப்பவர்கள்தான் நசுங்குவார்கள் என்பதும் உண்மை.

ஜெர்மனியின் சீமென்ஸ் வேறு மாதிரி. அங்கே பணப் பெட்டியோடு போய் ரொக்கம் நிரப்பிக்கொண்டு வரும் கவுன்ட்டர்களே இருந்தன. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து ஒட்டித்தாளில் இருக்கும், பிறகு உரித்து எடுத்துவிட்டால் யார் ஒப்புதல் கொடுத்தார் என்று தெரியாது. 2008 டிசம்பரில் அமெரிக்காவோடும் ஜெர்மனியோடும் வழக்குகளை முடித்துக்கொண்டபோது மொத்த அபராதம் சுமார் 160 கோடி டாலர். மேல்மட்டம் மாறியது, வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பாளர் வந்து உட்கார்ந்தார், நிறுவனம் தொடர்ந்து தொழில் செய்தது. என் கருத்தைச் சொல்வதானால், முடிவெடுத்தவர்களைத் தனிப்பட்ட முறையில் தண்டிக்க வேண்டும், நிறுவனத்திடம் அபராதம் வாங்கிக் கண்காணிப்பில் வைக்க வேண்டும், எல்லா அமைப்புகளோடும் சேர்த்து ஒரே சமரசமாகச் சீக்கிரம் முடிக்க வேண்டும். வழக்கு இழுத்துக்கொண்டே போவதுதான் ஊழியரின் வேலையைக் கொல்கிறது.

பிரேசில்ல எல்லாமே நஷ்டம்தானா?

இல்லை, அதே நாட்டில் சத்தமில்லாமல் நடந்த இன்னொன்று உண்டு. 2003-லிருந்து மத்திய அரசின் தணிக்கை அமைப்பு, எந்த நகராட்சியைத் தணிக்கை செய்வது என்பதைப் பொதுமக்கள் முன்னால் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தது. குலுக்கல் என்பதால் பழிவாங்கல் என்று யாரும் சொல்ல முடியவில்லை. தணிக்கை நடந்த ஊர்களையும் நடக்காத ஊர்களையும் பிறகு ஒப்பிட்டபோது, தணிக்கை நடந்த இடங்களில் நிறுவனங்களின் எண்ணிக்கை கூடியிருந்தது, குறிப்பாக அரசோடு அதிகம் புழங்க வேண்டிய துறைகளில். முன்பு "நமக்குக் கிடைக்காது" என்று ஒதுங்கியிருந்தவர்கள் உள்ளே வந்திருக்கிறார்கள்.

லஞ்சத்தில் மாட்டிய நிறுவனங்களைத் தனியாக எடுத்துப் பார்த்த ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: அரசு ஒப்பந்தங்கள் குறைந்த பிறகும் அவை சராசரியாக வளர்ந்தே இருந்தன. லஞ்சம் கொடுத்த எல்லா நிறுவனமும் திறமை இல்லாத நிறுவனம் என்று நினைத்துவிடக் கூடாது, வேறு வழியில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

நாங்க மட்டும் யோக்கியமா இருந்தா ஆர்டரைப் போட்டியாளர் தட்டிட்டுப் போயிடுவானே?

சில ஆர்டர்கள் போகும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதை அமெரிக்கா 1977-லேயே தன் நிறுவனங்களுக்குக் குற்றமாக்கியது. அப்போது வேறு பெரிய நாடுகள் எதுவும் அப்படிச் செய்யவில்லை, ஜெர்மனியில் வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தை 1999 வரை வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளவே முடிந்தது. லஞ்சம் அதிகமுள்ள நாடுகளில் அமெரிக்க நிறுவனங்களின் தொழில் அந்தச் சட்டத்துக்குப் பிறகு சுருங்கியது. 1997-ல் ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பில் லஞ்ச எதிர்ப்பு ஒப்பந்தம் வந்த பிறகுதான் மற்ற நாடுகளும் அதே மாதிரிச் சட்டத்துக்குள் வர ஆரம்பித்தன. பிரிட்டனின் லஞ்சச் சட்டம் 2010-ல் நிறைவேறி 2011 ஜூலையில் அமலுக்கு வந்தது. ஊழல் மிகுந்த பகுதிகளில் வியாபாரம் செய்த பிரிட்டன் நிறுவனங்களின் பங்கு மதிப்பு அந்தச் சட்டத்தால் இறங்கியதாக ஆய்வு சொல்கிறது. சந்தை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது.

அதனால் ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவருக்கு இழப்பு, எல்லாரும் ஒன்றாக நிறுத்தினால் யாருக்கும் இழப்பு இல்லை. எல்லாரையும் ஒன்றாக நிறுத்த வைப்பதைத்தான் அரசு செய்ய முடியும், தனி நிறுவனத்தால் முடியாது. அரசு பின்வாங்கினால் இதே கணக்கு திரும்பவும் வரும். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் அந்த 1977 சட்டத்தின் அமலாக்கத்தை நிறுத்திவைத்தபோது சொன்ன காரணமும் போட்டியில் அமெரிக்க நிறுவனங்கள் பின்தங்குகின்றன என்பதுதான், பிறகு ஜூனில் புதிய வழிகாட்டுதலோடு அமலாக்கம் மறுபடி தொடங்கியது. போட்டியாளரைப் பற்றிப் பயப்படுகிறவர்கள், உங்கள் துறைச் சங்கத்தில் எல்லாரும் சேர்ந்து உறுதி எடுத்து, கேட்கிறவரின் பெயரைச் சேர்ந்தே புகார் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். தனியாகப் போனால் பழிவாங்குவார்கள், முப்பது பேராகப் போனால் அவ்வளவு எளிது இல்லை.

சோதனைச் சாவடியைப் பாதியாக் குறைச்சா மாமூலும் பாதியாகுமா?

அப்படித்தான் தோன்றும், நடப்பது வேறு. 2005 ஆகஸ்டில் அமைதி ஒப்பந்தம் ஆன பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்திலிருந்து ராணுவமும் கூடுதல் போலீசும் படிப்படியாக வெளியேறின. அந்த நேரத்தில் ஆய்வாளர்கள் லாரிகளில் உதவியாளர் மாதிரி ஆட்களை ஏற்றி அனுப்பி, வழியில் எங்கே எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று குறிக்கவைத்தார்கள். 304 பயணங்களில் 6,000-க்கும் மேற்பட்ட முறைகேடான வசூல், பயணச் செலவில் சுமார் 13 சதவீதம். ஓட்டுநரின் கூலியே அதைவிடக் குறைவு.

சாவடிகள் குறைந்தபோது லாரிக்காரர் கொடுத்த மொத்தத் தொகை குறைந்தது, ஆனால் மீதி இருந்த சாவடிகளில் ஒவ்வொருவரும் கேட்கும் தொகையைக் கூட்டினார்கள். பத்து கைகளில் நான்கு போனால் மீதி ஆறு கைகள் அகலமாகின்றன. எனவே பாதிக்குப் பாதி என்று கணக்குப் போட்டு அடுத்த வருட பட்ஜெட்டை எழுதிவிடாதீர்கள்.

எல்லாத்தையும் ஆன்லைன் ஆக்கிட்டா போதாதா?

நிறைய உதவும், போதாது. உக்ரைன் 2016-லிருந்து அரசு கொள்முதலை புரோசோரோ என்ற மின்னணு முறைக்குக் கொண்டுவந்தது. ஏலம் முடிந்ததும் யார் யார் என்ன விலை சொன்னார்கள், என்ன ஆவணம் கொடுத்தார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். தோற்றவர் ஜெயித்தவரின் ஆவணத்தைப் படித்துப் பார்த்துப் புகார் செய்ய முடிகிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

கணினித் திரையில் பிடிபடாதவை இரண்டு. ஒன்று, டெண்டர் நிபந்தனையையே ஒருவருக்காக வெட்டித் தைப்பது, "இத்தனை வருட அனுபவம், இந்த அளவு எந்திரம், இந்தச் சான்றிதழ்" என்று எழுதி ஒரே நிறுவனம் மட்டும் நுழைகிற மாதிரி வாசலை வைப்பது. இன்னொன்று, வேலை முடிந்தபின் அளவெடுப்பதும் பில் பாஸ் செய்வதும். இரண்டும் ஆள் கையில்தான் இருக்கின்றன.

இது நிஜமான ஒழிப்பா, எதிரியைப் பழிவாங்குறதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆளும் தரப்புக்கு நெருக்கமானவர்களும் மாட்டுகிறார்களா, வழக்குகள் தீர்ப்புவரை போகின்றனவா, விசாரிக்கும் அமைப்பு யாருக்குப் பதில் சொல்கிறது என்ற மூன்றைப் பாருங்கள். ஹாங்காங்கில் 1973-ல் பீட்டர் காட்பர் என்ற மூத்த போலீஸ் அதிகாரி வருமானத்துக்கு மீறிய சொத்துக்கான விசாரணையின் நடுவே நாட்டை விட்டுத் தப்பினார். மக்கள் கொதித்தார்கள். 1974-ல் ஊழல் தடுப்புக்கான தனி ஆணையத்தைப் போலீஸிலிருந்து பிரித்து நேரே ஆளுநருக்குக் கீழ் வைத்தார்கள். தனியார் நிறுவனங்களுக்குள் நடக்கும் கமிஷனும் அதன் வரம்புக்குள் வந்தது, இதைத் தொழில்காரர்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கொள்முதல் மேலாளர் சப்ளையரிடம் வாங்கும் கட்டிங்கும் லாபத்தைத்தான் அரிக்கிறது.

இதில் ஒரு சங்கடமான உண்மையும் இருக்கிறது. 1977-ல் போலீசார் ஆணையத்தை எதிர்த்துக் கிளர்ந்து எழுந்தபோது, அந்த ஆண்டு ஜனவரி 1-க்கு முந்தைய குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொது மன்னிப்பு கொடுத்துத்தான் நிலைமையைச் சமாளித்தார்கள். நியாயமா என்று கேட்டால் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆனால் பழையதைத் தோண்டி முடிக்க முடியாமல் எல்லாம் நின்றுபோவதைவிட, ஒரு தேதியில் கோடு போட்டு அதற்குப் பின் கறாராக இருந்தது தொழில் செய்பவர்களுக்குத் தெளிவைக் கொடுத்தது. நாளைய விதி என்ன என்று தெரிந்தால்தான் யாரும் முதல் போடுவார்கள்.

சின்ன கம்பெனிக்கு இந்த விதிமுறை எல்லாம் கூடுதல் சுமைதானே?

சுமைதான். பெரிய நிறுவனம் இதற்கென்று ஒரு துறையே வைக்கும், ஐந்து பேர் இருக்கும் இடத்தில் முதலாளியே படிவம் நிரப்ப வேண்டும். ஆனால் சிறியவருக்கு உண்மையில் தேவைப்படுவது கொஞ்சம்தான்: ரொக்கமாகக் கொடுப்பதற்கு ஒரு உச்சவரம்பு, எல்லாச் செலவுக்கும் இரண்டு பேர் கையெழுத்து, ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் கமிஷனுக்கு எழுதப்பட்ட ஒப்பந்தம். பெரும்பாலான லஞ்சம் ஏஜென்ட் வழியாகத்தான் போகிறது, "எனக்குத் தெரியாது, அவர் பார்த்துக்கொண்டார்" என்ற பதில் பல நாட்டுச் சட்டங்களில் இனி எடுபடாது. பிரிட்டன் சட்டத்தில் நிறுவனத்தின் சார்பில் யார் கொடுத்தாலும் நிறுவனம் பொறுப்பு, போதுமான தடுப்பு ஏற்பாடு வைத்திருந்தோம் என்று காட்டினால்தான் தப்பலாம்.

ஏற்கனவே கொடுத்துட்டோம். இப்போ நிறுத்தினா பழசு வெளியே வந்துடுமா?

வரலாம், அதனால்தான் பலர் நிறுத்தவே பயப்படுகிறார்கள். வாங்கிப் பழகியவர் மிரட்டுவார். இதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, முதலில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். தானாக முன்வந்து சொன்ன நிறுவனத்துக்கு அமெரிக்கா போன்ற நாடுகளில் சலுகை உண்டு. இந்தியாவில் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம், ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்கு. பழைய ரசீதுகளைக் கிழிப்பதோ, பின்தேதியிட்டுப் புதிதாக எழுதுவதோ மட்டும் செய்யாதீர்கள். லஞ்சத்தோடு ஆதாரத்தை அழித்த குற்றமும் சேரும், சேர்ந்தால் எந்தச் சலுகையும் மிஞ்சாது.

எங்க துறையில நிஜமாவே குறைஞ்சிருக்கான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? பேப்பர்ல வர்றதை நம்ப முடியலை.

கைது எண்ணிக்கையை வைத்துத் தெரியாது, அதிகம் பிடிபடுவது ஊழல் கூடியதாலும் இருக்கலாம், பிடிப்பது கூடியதாலும் இருக்கலாம். உங்கள் கையிலேயே அளவுகோல் இருக்கிறது. பில் கொடுத்த நாளிலிருந்து பணம் வந்த நாள்வரை எத்தனை நாள், ஒரு அனுமதிக்காக எத்தனை முறை நேரில் போனீர்கள், ஒவ்வொரு டெண்டரிலும் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், அவர்களில் புதிய பெயர் ஏதாவது உண்டா, முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு. மூன்று நிறுவனங்கள் மாறி மாறி ஜெயித்து, தோற்பவர் எப்போதும் ஒரே அளவு கூடுதலாகச் சொல்லியிருந்தால் அங்கே ஒன்றும் மாறவில்லை.

இதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள், யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து. பில் 60 நாளில் வந்துகொண்டிருந்தது 45 ஆனால் அது உங்கள் வட்டிச் செலவில் நேரடியாகத் தெரியும், 120 ஆனால் மேலே சொன்ன பேனா மூடும் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம், அதற்கேற்ப நடைமுறை மூலதனத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம். நாளைக்கு யாராவது வற்புறுத்திக் கேட்டுப் புகார் கொடுக்க வேண்டி வந்தாலும், வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.